கடலுக்கடியில் எண்ணெய் தேடவைத்த மனிதர்

ஒரு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில், கடலில் நிற்கும் ஓர் எண்ணெய் ரிக் அச்சாகியிருப்பதை நம்மில் பலர் கவனித்திருப்போம். அதுதான் 'சாகர் சாம்ராட்'. எண்ணெய்த் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் கேசவ தேவ் மாளவியா (1904-1981).

சுதந்திரப் போராட்ட வீரரான இவர் நம்மைப்போல் தொழில்நுட்பம் படித்தவர். கான்பூர் ஹார்கோர்ட் பட்லர் நிறுவனத்தில் எண்ணெய்த் தொழில்நுட்பம் பயின்றார். நாடு விடுதலை பெற்றபோது நமக்கு இருந்ததெல்லாம் அஸ்ஸாமின் டிக்பாய் வயல்தான். ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் டன், அவ்வளவே! இந்திய மண்ணில் பெரிதாக எண்ணெய் கிடைக்காது என்றே வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவும் நினைத்தன. தோண்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்பது மாளவியாவின் கட்சி. நேருவின் அமைச்சரவையில் இருந்த அவர், சோவியத் நிபுணர்களை வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னார். 1956-ல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் உருவானது. 1958-ல் காம்பேயிலும், 1960-ல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கிடைத்தது.

வெற்றி கையில் இருந்த நேரத்தில் சறுக்கல் வந்தது. ஒரு சுரங்க நிறுவனத்திடம் தேர்தல் நிதி பெற்றுத் தந்தது தொடர்பான சர்ச்சையில் 1963-ல் பதவி விலகினார். ஆனால் அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1960-களின் நடுவில் 'அகாடமிக் அர்க்காங்கெல்ஸ்கி' என்ற சோவியத் கப்பல் நில அதிர்வு ஆய்வு நடத்தி, பம்பாய்க்கு அப்பால் கடலடியில் பெரிய மேடான பாறை அமைப்பு இருப்பதைக் காட்டியது.

அங்கே துளையிட ஜப்பானில் கட்டப்பட்டதுதான் சாகர் சாம்ராட். கால்களைக் கடல்தரையில் ஊன்றி, தன் உடலைத் தானே நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும் 'ஜாக்-அப்' வகை ரிக் அது. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 75 மீட்டர் ஆழக் கடலில், 1974 பிப்ரவரியில் சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் தட்டுப்பட்டது. முந்தைய ஆண்டுதான் உலகச் சந்தையில் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறி, நாடே திணறிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டில் மாளவியா மீண்டும் பெட்ரோலிய அமைச்சரானார். கண்டுபிடித்த இரண்டே ஆண்டுகளில், 1976 மே மாதம், பாம்பே ஹை உற்பத்தி தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, கடலில் முன் அனுபவம் அதிகமில்லாத ஒரு நாட்டுக்கு அது அசுர வேகம்! 1980-களின் இறுதியில் நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. அந்த உச்சத்தைப் பார்க்க அவர் இல்லை, 1981-ல் காலமாகிவிட்டார்.

வயல்களுக்கு வயதாகும். மும்பை ஹையிலும் உற்பத்தி இறங்கிவிட்டது. 2005 ஜூலை 27 தீவிபத்தில் 22 உயிர்கள் போயின. கடல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஆனாலும் டேராடூனில் மாளவியா பெயர் தாங்கிய ஆய்வு நிறுவனத்தில் தேடல் தொடர்கிறது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே! இல்லை என்று பெரியவர்கள் சொன்னாலும், ஒருமுறை நாமே அளந்து பார்ப்போம். பலன் நம் காலத்தில் வராமல் போகலாம். பரவாயில்லை, யாராவது ஆரம்பித்து வைக்க வேண்டும் அல்லவா?