பஞ்சம் தாங்கும் பனைகள்

சராசரி ஆழம் நான்கு அடி என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் மூழ்கிப்போன கதையை, கல்லூரியில் பொருளியல் பயிற்றுவித்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். அந்தப் பாடத்தை நானே மறந்தது ஒரு பனைக்கன்றின் விஷயத்தில்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முற்றத்தில், நாற்றுப்பண்ணைக்காரர்கள் 'லிப்ஸ்டிக் பனை' என்று சொல்லி விற்கும் ஒரு செடியை வளர்த்து வந்தேன். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகியவற்றின் சதுப்புக் காடுகளுக்கு உரியது அது. தண்டு செக்கச் சிவந்திருக்கும். கடலின் உப்புக் காற்று நேரே படாதவாறு சுவரோரம் வைத்து, தொட்டியில் ஈரம் வற்றாமல் பார்த்துக்கொண்டதால் ஆறு ஆண்டுகள் செழித்தது. அதன் பக்கக் கன்று ஒன்றைப் பிரித்து, தில்லியில் வசிக்கும் மகளிடம் கொடுத்தனுப்பினேன். அங்கு ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி. தாங்கிவிடும் என்று கணக்கிட்டேன். வெப்பம் 4 டிகிரிக்கு இறங்கிய ஓர் இரவு அந்தக் கணக்கைப் பொய்யாக்கிற்று. தொட்டு இழுத்ததும் குருத்து கையோடு வந்துவிட்டது என்று பிப்ரவரியில் மகள் சொன்னாள்.

பனைக் குடும்பத்து மரங்களின் வலிமையும் பலவீனமும் அந்தக் குருத்தில்தான் இருக்கின்றன. வேம்பும் புளியும் கிளை கருகினால் வேறிடத்தில் தளிர்க்கும். பனை, தென்னை போன்றவற்றின் தண்டுக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனை. அது செத்தால் அந்தத் தண்டும் செத்தது. ஆகவே அவற்றின் விதியை முடிவு செய்வது ஆண்டின் சராசரி வெப்பமன்று, ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு. தில்லிக்கு ரயிலில் செல்வோர், தெலங்கானாவைத் தாண்டியதும் தென்னை அருகிப்போவதையும், ஈச்சை மட்டும் வடக்கு வரை தொடர்ந்து வருவதையும் காணலாம். சீனத்து மலைகளுக்குரிய சில பனைகள் பனிப்பொழிவையும் தாங்கி இங்கிலாந்தின் தோட்டங்களில் நிற்கின்றன. ஒரே குடும்பம், தாங்கும் எல்லைகள் வேறு வேறு.

இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் வில்லியம் ராக்ஸ்பர்க்கின் வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பாடநூல்கள் அவரை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஒரு பொருளியல் ஆசிரியனுக்கு அவரிடம் கற்பதற்கு அதைவிட அதிகம் உண்டு.

ராக்ஸ்பர்க் 1751இல் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவமும், ஜான் ஹோப் என்ற பேராசிரியரிடம் தாவரவியலும் பயின்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் உதவி மருத்துவராகப் பணியாற்றியபின், 1776இல் சென்னை மருத்துவமனையில் உதவி அறுவை மருத்துவராக நியமனம் பெற்றார். இன்று ராயபுரத்தை ஒட்டிக் கப்பல்கள் அணையும் துறைமுகம் அப்போது இல்லை. அது எழ இன்னும் ஒரு நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, பயணிகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்த காலம் அது.

இருபத்தைந்து வயது மருத்துவர் புதிய ஊரில் தொடங்கிய வேலைகளுள் ஒன்று, கோட்டையின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் தொடர்ந்து குறித்து வைப்பது. புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் எழுதிய வானிலை நாட்குறிப்பு 1778இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியாயிற்று. நுங்கம்பாக்கம் வானாய்வகம் எழுந்ததே 1792இல்தான் என்பதை நினைத்தால், சென்னையின் வானிலையைக் கருவிகொண்டு அளந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர் என்பது விளங்கும். நடுவதற்கு முன் அளப்பது என்ற பழக்கம் அவருக்கு இங்கிருந்தே தொடங்கியது எனலாம்.

1781இல் இன்றைய ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள சாமல்கோட்டைக்கு மாற்றப்பட்டார். அங்கே மிளகு, காப்பி, இலவங்கம், ஈரப்பலா, முசுக்கட்டை, கரும்பு எனப் பலவற்றைப் பயிரிட்டுச் சோதித்தார். தாவரங்களை உள்ளூர் ஓவியர்களைக்கொண்டு வண்ணத்தில் வரையச் செய்து, தெலுங்குப் பெயர்களையும் பயன்களையும் உடன் குறித்தார். 1787இல் அந்தக் கடற்கரையைத் தாக்கிய புயலும் கடற்பெருக்கும் அவருடைய நூல்களையும் குறிப்புகளையும் அழித்தன. அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அடுத்து வந்தது அதனினும் பெரிய அழிவு. 1789 முதல் 1792 வரை மழை பொய்த்து, வட சர்க்கார் மாவட்டங்களில் கொடும்பஞ்சம் நிலவியது. கண்ணெதிரே மக்கள் மடிவதைக் கண்ட ராக்ஸ்பர்க், நெல் பொய்த்த ஆண்டிலும் நின்று பயன் தருவது எது என்று கேட்டார். தென்னை, ஈச்சை, சவ்வரிசிப் பனை, பலா, ஈரப்பலா, வாழை போன்றவற்றை ஊர்தோறும் பெருமளவில் நட வேண்டும் என்று கம்பெனி நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தார். ஒரு பருவ மழையை நம்பிய பயிர் அந்தப் பருவத்தோடு போய்விடும்; ஆழ வேரூன்றி ஆண்டுக்கணக்கில் நிற்கும் மரமோ நல்ல ஆண்டுகளின் மழையைத் தன்னுள் சேமித்து, கெட்ட ஆண்டில் திருப்பித் தரும். அது நிலத்தில் இட்ட வைப்புநிதி.

சவ்வரிசிப் பனை மலாய்த் தீவுகளுக்குரியது. அதன் தண்டிலுள்ள மாவே பழைய சவ்வரிசி. கல்கத்தாவில் ராபர்ட் கிட் என்ற படை அதிகாரி 1786இல் தாவரவியல் தோட்டம் அமைக்கக் கோரியபோதும், பஞ்ச காலத்துக்கு இம்மரத்தைக் கொண்டுவருவது அவருடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. ராக்ஸ்பர்க்கோ கடல் கடந்த மரத்தைப் பற்றி எண்ணிய அதே காலத்தில், காலடியில் கிடந்ததையும் கவனித்தார். சோழமண்டலக் கரையின் வறண்ட மணற்பாங்கில் புதராக வளரும் சிற்றீச்சையின் தண்டுக்குள்ளும் மாவு உண்டு. பஞ்சத்தில் ஏழைகள் அதை எடுத்துச் சமைத்துண்டு உயிர் பிழைத்தார்கள். அதை அவர் பதிவு செய்து, மாவு தருவது என்று பொருள்படும் 'ஃபரினிஃபெரா' என்ற லத்தீன் பெயரைச் சூட்டினார். அதே செடிக்கு வேறொருவர் முன்பே இட்டிருந்த பெயர்தான் இன்று அறிவியலில் வழங்குகிறது. ஆனால் பட்டினி கிடந்தவர்களின் அறிவைத் தாவரத்தின் பெயரிலேயே பொதித்தது ராக்ஸ்பர்க்கின் பெயர்தான்.

1793இல் கிட் மறைந்தபின், கல்கத்தா தோட்டத்தின் பொறுப்பு ராக்ஸ்பர்க்கிடம் வந்தது. அங்கே இருபது ஆண்டுகள் உழைத்தார். அவர் பொறுப்பேற்றபோது ஏறத்தாழ 300 வகைத் தாவரங்களே இருந்தன. அவர் விடைபெற்றபோது 3,500. வென்றவற்றைப் போலவே தோற்றவையும் அங்கே பாடமாயின. நிலநடுக்கோட்டுத் தீவுகளின் சாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் ஆகியவை வங்கத்தில் பயன் தரவில்லை. தீவுகளில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பமும் ஈரமும். கங்கைச் சமவெளியிலோ வறண்ட குளிர்காலமும் கடுங்கோடையும் உண்டு. சவ்வரிசிப் பனையும் இந்நாட்டின் பஞ்ச உணவாக ஆகவில்லை. பின்னர் இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்டபோது, சேலத்தார் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். மரம் வரவில்லை, அதன் வேலையை நம் மண்ணுக்கு இசைந்த வேறொன்று ஏற்றுக்கொண்டது.

பொறுமையோடு பேணினால் அரிய பனையும் அயல்மண்ணில் வாழும் என்பதற்கும் அதே தோட்டம் சான்று. செஷல்ஸ் தீவுகளுக்கே உரிய இரட்டைத் தேங்காய்ப் பனை அங்கு 1894இல் நடப்பட்டது. பூப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. பொருட்செலவுக்கு அஞ்சாத நாடுகள் வேறு வழியும் கண்டன. லண்டனின் கியூ தோட்டத்தில் 1848இல் கட்டி முடித்த பனை மாளிகையில், நிலக்கரியை எரித்து, கண்ணாடிக் கூரைக்குள் வெப்பமண்டலத்தையே உண்டாக்கினார்கள். பருவநிலையையே விலைக்கு வாங்கும் அவ்வழி ஏழை உழவனின் வரப்புக்கு உதவாது. அவனுக்கு வேண்டியது, அவன் மண்ணின் மிகக் கெட்ட ஆண்டைத் தாங்கும் மரம்.

ராக்ஸ்பர்க்கைப் புகழ்ந்துவிட்டு மட்டும் நகர்வது நேர்மையாகாது. அவர் கம்பெனியின் ஊழியர். அவருடைய மிளகும் கரும்பும் கம்பெனியின் வணிகத்துக்காகவே சோதிக்கப்பட்டன. பஞ்சத்துக்கு மழை மட்டும் காரணமன்று. நிலவரியும் தானிய வணிகமும் சேர்ந்தே மக்களை வீழ்த்தின. மரம் நடச் சொல்வது கம்பெனிக்கு வரியைக் குறைப்பதைவிட எளிது. அவருக்காக வரையப்பட்ட இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களில், தீட்டிய இந்தியக் கலைஞர்களின் பெயர்களைக் காண்பது அரிது.

ஆயினும் அவர் கேட்ட கேள்வி பழுதற்றது. பஞ்சத்தில் முதலில் மறைவது உணவன்று, உணவைப் பெறும் திறன் என்று அமர்த்தியா சென் 1981இல் விளக்கினார். காசில்லாதவனும் பறித்துண்ணக்கூடிய ஊர்ப்பொது மரம் அத்தகைய திறன்களுள் ஒன்று. அந்த வகையில் ராக்ஸ்பர்க்கின் பட்டியல் ஒரு பொருளியல் ஆவணமும்கூட.

உடல் நலிந்து 1813இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட அவர், வழியில் செயின்ட் ஹெலினா தீவில் தங்கியபோதும் அத்தீவின் தாவரங்களைப் பட்டியலிட்டார். சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1795 முதல் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது; கல்கத்தா தோட்டத்தின் தாவரப் பட்டியலை 1814இல் வில்லியம் கேரி பதிப்பித்தார். 1815இல் எடின்பரோவில் ராக்ஸ்பர்க் மறைந்தார். இந்தியத் தாவரங்கள் பற்றிய அவருடைய தலையாய நூல் அச்சேறியதை அவர் காணவில்லை.

இத்தனையும் படித்தபின் எண்ணூர்ப் பக்கம் நடந்து செல்கையில் என் பார்வை மாறியிருக்கிறது. கழிமுகத்தை ஒட்டி எஞ்சி நிற்கும் பனைகளும் ஈச்சம்புதர்களும் கருவேலுக்கு இடையே கிடக்கும் வெற்றுக் காடல்ல. உப்புக் காற்று, மணல், நீரின்மை, புயல் ஆகிய நான்கையும் தாங்கி, இவ்விடத்தின் மிகக் கெட்ட ஆண்டுகளில் தேர்வு எழுதித் தேறியவை அவை. கியூவில் பனைக்காக நிலக்கரி எரிந்தது. இங்கே எரியும் நிலக்கரியின் சாம்பல் கழிமுகத்தில் படிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்த எண்ணெய்ப் படலமும் இதே கரையை மூடியது. இவற்றையும் தாங்கு என்று ஒரு மரத்திடம் நாம் கேட்க முடியாது.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021இல் அரசு அறிவித்தது வரவேற்புக்குரியது. சிற்றீச்சைக்கு அந்தக் காவலும் இல்லை. பனை பயன் தரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். நடுபவர் ஒருவர், பயனடைபவர் வேறொருவர். இத்தகைய நீண்டகால முதலீட்டைத் தனியார் செய்யமாட்டார்கள் என்பது பொருளியலின் அரிச்சுவடி. பொதுநிதிதான் செய்ய வேண்டும். சாலை நடுவே நீரூற்றிப் பேண வேண்டிய அயல்நாட்டு அலங்காரப் பனைகளை வைப்பதற்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை, கொசஸ்தலையாற்றின் கரையில் பனை விதைக்கவும் எஞ்சிய ஈச்சம்புதர்களைக் காக்கவும் ஒதுக்கலாம்.

அயல்மரங்களை வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் சிவப்புத் தண்டுப் பனை முற்றத்தில் இன்னும் நிற்கிறது. அருகில் ஒரு தொட்டியில் எண்ணூரில் பொறுக்கிய விதைகளிலிருந்து சிற்றீச்சை முளைத்திருக்கிறது. மறுபடியும் ஒரு கன்று வேண்டும் என்று மகள் கேட்கிறாள். முதலில் ஒரு வெப்பமானி வாங்கி மாடத்தில் மாட்டு, இந்தக் குளிர்காலம் முழுவதும் ஒவ்வோர் இரவின் கீழளவையும் குறித்து அனுப்பு, அதன்பின் எந்தக் கன்று என்று முடிவு செய்வோம் எனச் சொல்லியிருக்கிறேன்.