குளோரோபார்ம் கமிஷன் கண்ட ஐதராபாத் டாக்டர்

ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்து கொடுத்தவுடன் சில நோயாளிகள் இறந்தது ஏன்? இக்கேள்விக்கு விடை காண ஐதராபாத்தையே ஆராய்ச்சிக்கூடமாக்கியவர் டாக்டர் எட்வர்டு லாரி.

1846-ல் பிறந்த லாரி, எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற புகழ்பெற்ற சர்ஜனிடம் பயின்றார். 1847-ல் குளோரோபார்ம் பெயர் பெற்றது அந்த ஊரில்தான். மறு ஆண்டே இங்கிலாந்தில், கால் விரல் நகத்தை எடுப்பதற்காக அதை முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்தாள். பிறகு மேலும் பல சாவுகள். மருந்து முதலில் நிறுத்துவது இதயத்தையா, மூச்சையா என்று டாக்டர்கள் இரண்டு கட்சியானார்கள்.

நிஜாம் தந்த பணம்

1885-ல் லாரி ஐதராபாத்துக்கு ரெசிடென்சி சர்ஜனாக வந்தார். இங்குள்ள மருத்துவப் பள்ளியையும் நடத்தினார். மூச்சைக் கவனித்தால் போதும், நாடி பார்க்க வேண்டியதில்லை என்பது குருவிடம் அவர் கற்ற பாடம். 1888-ல் ஒரு கமிஷன் அமைத்து, நாய்களுக்குக் குளோரோபார்ம் கொடுத்துச் சோதித்தார். மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று முடிவு வந்தது. லண்டன் 'லான்செட்' பத்திரிகை அதை ஏற்கவில்லை.

லாரி விடவில்லை. நிஜாம் மகபூப் அலிகான் 1000 பவுன் வழங்கினார். 1889-ல் டாக்டர் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். நூற்றுக்கணக்கான பிராணிகளிடம் மறுபடி சோதனை நடந்தது. மறுக்க வந்த பிரண்டனே லாரியின் பக்கம் சாய்ந்தார். அப்பள்ளியில் அந்நாளில் படித்த ரூபாபாய் பர்துன்ஜி, பின்னாளில் உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று பெயர் பெற்றார்.

பாதி உண்மை

ஆனால் 1911-ல் லெவி என்ற டாக்டர் வேறு உண்மையைக் கண்டார். மயக்கம் அரைகுறையாக இருக்கும்போது இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென நின்றுவிடலாம். மூச்சைக் கவனி என்று லாரி சொன்னது சரி. நாடியை விட்டுவிடு என்றது தவறு. லாரி 1915-ல் காலமானார். பின்னர் குளோரோபார்மும் ஆபரேஷன் அறையை விட்டு மறைந்தது.

இந்தப் பாடம் நமக்கும் வேண்டியதே. லாலாகுடா ஒர்க்ஷாப்பிலும் கூட்ஸ் ஷெட்டிலும் பாரம் தூக்குவோர் ஹெர்னியா என்னும் குடலிறக்கத்தை அறிவார்கள். இப்போது தொடை இடுக்கின் நரம்புகளை மட்டும் ஊசியால் மரக்கச் செய்து ஆபரேஷன் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அதிலும் சிக்கல் வரலாம். மருந்து தொடை நரம்புக்குப் பரவினால் சில மணி நேரம் முழங்கால் மடங்கிவிடும். தனியே எழுந்து நடந்தால் விழ நேரிடும். மருந்து ரத்தக் குழாயில் நேரே கலந்தால் வாயைச் சுற்றி மரத்து, காது இரைந்து, வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம்.

ஆகவே இத்தகைய அறிகுறி தோன்றினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கால் வலுப்பெறும் வரை துணையின்றி எழுந்திருக்கக் கூடாது. மூச்சு, நாடி இரண்டையும் கவனிக்க வேண்டும் என்பதே லாரியின் வெற்றியும் தோல்வியும் சேர்ந்து தரும் பாடம்.