கோடீஸ்வரி கட்டிய பள்ளிகள்

செல்வர் வீட்டில் பிறந்தவர் பலர். அச்செல்வத்தைப் பிறருக்காகத் துறந்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் புனித கத்தரீன் திரெக்சல்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பிலதெல்பியா நகரில் கத்தரீன் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் திரெக்சல் பெரிய வங்கி முதலாளி. பெற்ற தாய் ஐந்தே வாரங்களில் இறந்துவிட, சிற்றன்னை எம்மா அவரைத் தம் வயிற்றுப் பிள்ளையாகவே வளர்த்தார். வாரந்தோறும் குறித்த நாள்களில் அவ்வீட்டின் கதவு ஏழைகளுக்குத் திறக்கும். உணவும் உடையும் வாடகைப் பணமும் வழங்கும் சிற்றன்னைக்குக் கத்தரீனும் கைகொடுப்பார்.

1885-இல் தந்தை மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து சுமார் ஒன்றரைக் கோடி டாலர். பத்தில் ஒரு பங்கு அறச்செயல்களுக்கு. மீதியின் வருமானம் மூன்று பெண் மக்களுக்கு.

அந்நாளில் கறுப்பினக் குழந்தைகளுக்கும் பூர்வகுடிக் குழந்தைகளுக்கும் நல்ல பள்ளிகள் அரிது. கத்தரீன் பள்ளி கட்டப் பணம் கொடுத்தார். ஆனால் கற்பிக்க ஆள் வேண்டுமே! 1887-இல் உரோமையில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரைச் சந்தித்து, மறைப்பணியாளர்களை அனுப்பும்படி வேண்டினார். அவரே ஏன் மறைப்பணியாளராகக் கூடாது என்று திருத்தந்தை திருப்பிக் கேட்டார். கத்தரீன் கலங்கிப்போனார். பணத்தைக் கொடுப்பது எளிது. தம்மையே கொடுப்பது எளிதா?

1891-இல் அவர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, நற்கருணைச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1894-இல் சாந்தா பே நகரின் பூர்வகுடிப் பள்ளிக்குச் சகோதரிகள் சென்றனர். 1905-இல் நாஷ்வில் நகரில் கறுப்பினப் பெண்களின் பள்ளிக்காக ஒரு மாளிகையை வாங்கினார். காரணம் தெரிந்ததும் விற்றவரே விற்பனையை முறிக்க முயன்றார். அன்னை பின்வாங்கவில்லை, அவ்வாண்டே பள்ளி திறந்தது. 1915-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொடங்கிய பள்ளி 1925-இல் கல்லூரியாகி, இன்று சேவியர் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 1942-க்குள் அவர் உதவிய கறுப்பினக் கத்தோலிக்கப் பள்ளிகள் 13 மாநிலங்களில் பரவியிருந்தன.

சுமார் 2 கோடி டாலரை வாரி வழங்கிய அந்த அன்னை, தமக்கென்றால் பென்சிலைக்கூடக் கட்டையாகும்வரை எழுதுவார்! 1935-இல் இருதய நோய் தாக்கியபின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செபத்திலேயே கழித்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், 96-ஆம் வயதில் அன்னை இறைவனடி சேர்ந்தார்.

தந்தையின் உயிற்படி அச்செல்வம் உயிலில் குறித்த அறநிலையங்களுக்குப் போயிற்று. பின்னர் பிறந்த அவரது சபைக்கு அதில் பங்கில்லை. பணம் நின்றது, சகோதரிகளின் பணி நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

தோழியரே! பல குலத்தாரும் பல சமயத்தாரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம். இது தானாக வந்த பேறு அன்று. யாரோ தம்மையே கொடுத்ததால் வந்தது. நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?