சிற்ப நூல் ஆராய்ந்த இராமராசர்

சென்னைப் பட்டினப்பாக்கத்துக் கடற்கரையை விட்டு மேற்கே சிறிது தொலைவு நடந்தால் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைக் காணலாம். 1906-ஆம் ஆண்டில் எழுந்த அக்கோபுரம் அத்துணைப் பழைமையானதன்று. ஆனால் அதனை எழுப்பிய சிற்பிகள் கையாண்ட கணக்கு மிகப் பழையது. அடித்தளத்தின் அகலம் இவ்வளவாயின் உயரம் எவ்வளவு, நிலைகள் எத்தனை, தூணின் பருமன் எவ்வளவு என்பவற்றையெல்லாம் வரையறுத்துக் கூறும் நூல்கள் நம் நாட்டில் உண்டு. ஓலைச்சுவடிகளில் உறங்கிக் கிடந்த அந்நூல்களை ஆராய்ந்து, அவற்றின் பொருளை உலகம் அறியும்படி முதன்முதல் எடுத்துரைத்தவர் இராமராசர். ஆங்கில நூல்களில் இவர் பெயர் ராம் ராஸ் என்று வழங்கும்.

இராமராசர் 1790-ஆம் ஆண்டையொட்டித் தஞ்சையில் பிறந்தார். விசயநகர அரச மரபின் வழிவந்தவர்கள் என்று அவர் குடும்பத்தார் சொல்லிக்கொண்டனர். ஆனால் வீட்டில் இருந்தது வறுமையே. இளமையிலேயே பிழைப்பை நாடிப் படைப்பிரிவு ஒன்றில் எழுத்தர் ஆனார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, படைத்துறைக் கணக்கு அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்தார். ஆங்கிலத்தைத் தம் முயற்சியால் செம்மையாகக் கற்றார். திப்பு சுல்தான் காலத்து வருவாய்த்துறை விதிகளை மராத்தியிலிருந்து ஆங்கிலத்தில் அவர் மொழிபெயர்த்தபோது அவருடைய புலமை மேலோர் கண்ணில் பட்டது.

அக்காலத்தில் சென்னையில் புனித சார்ச்சுக் கோட்டைக் கல்லூரி புகழுடன் விளங்கிற்று. 1812-இல் எல்லிசு துரையின் முயற்சியால் தோன்றிய கல்லூரி அது. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை அதன் பெயரைத் தாங்கியதே. தமிழும் தெலுங்கும் வடமொழியும் வல்ல புலவர் பலர் அங்கே கூடியிருந்தனர். அக்கல்லூரியில் இராமராசர் தலைமை ஆங்கில ஆசிரியராக அமர்ந்தார். அதன்பின் பெங்களூரில் நீதிபதிப் பதவி அவரைத் தேடி வந்தது.

பகலெல்லாம் வழக்குகளை விசாரிக்கும் ஒருவருக்குச் சிற்ப நூலில் என்ன வேலை என்று தோன்றலாம். இலண்டன் மாநகரில் 1823-இல் அரச ஆசியக் கழகம் என்னும் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சென்னையில் முன்பு பணியாற்றிய ரிச்சர்டு கிளார்க் என்பவர் அதன் உறுப்பினர். இந்தியக் கட்டடக் கலை பற்றி இவருக்கும் இராமராசருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. கிரேக்க, உரோமானியக் கட்டடங்களுக்கே முறையான இலக்கணம் உண்டு, நம் கோயில்கள் கற்பனை போன போக்கில் அடுக்கப்பட்டவை என்று மேனாட்டார் பலர் எண்ணிய காலம் அது. அவ்வெண்ணம் தவறு என்பதை வாதத்தால் நாட்ட இயலாது. நூலைக் காட்டியே நாட்ட வேண்டும்.

நூலோ எளிதில் அகப்படவில்லை. சுவடி வைத்திருந்த சிற்பிகள் அதனைக் குலச்செல்வமாகப் போற்றி மறைத்து வைத்தனர். வெளியே கிடைத்த படிகளோ ஏடு சிதைந்தும் எழுத்துப் பிழைகள் மலிந்தும் இருந்தன. மானசாரம் என்னும் பெருநூலில் ஒரு பகுதியே அவர் கைக்கு வந்தது. மயமதம், காசியபம், அகத்தியர் பெயரால் வழங்கும் சகளாதிகாரம் முதலியவற்றையும் தேடிப் பெற்றார்.

கிடைத்த பின்னரும் தொல்லை தீரவில்லை. வடமொழி கற்ற பண்டிதர்களிடம் சுவடியைக் கொடுத்தால் சொற்களுக்கு இலக்கணம் கூறினர். அச்சொல் தூணின் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. உளி பிடித்த சிற்பிகள் உறுப்பைக் கையால் தொட்டுக் காட்டினர்; ஆனால் சுவடியின் வடமொழி அவர்களுக்கு எட்டவில்லை. அறிவு இரண்டாகப் பிளந்து கிடந்தது. காலம் செல்லச்செல்ல இரு பாதியும் ஒன்றையொன்று மறந்துவிடும் நிலை! தஞ்சைப் பக்கத்துக் கம்மியர் ஒருவர் இராமராசருக்குத் துணையாக வாய்த்தார். செய்முறை நன்கறிந்த அவர், கலைச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருளும் சொல்ல வல்லவர். நீதிபதி அச்சிற்பியிடம் மாணாக்கராயினார் என்றே சொல்லலாம்.

அவர் கண்டறிந்தவற்றுள் தூணின் கணக்கு ஒன்றே அவருடைய உழைப்பின் அருமையை உணர்த்தப் போதுமானது. தூணின் உயரம் அதன் அடி விட்டத்தைப் போல் ஆறு மடங்கு முதல் பத்து மடங்குவரை அமையலாம். உயரம் எத்தனை மடங்கோ அத்தனை கூறுகளாக அடி விட்டத்தைப் பகுத்து, அவற்றுள் ஒரு கூற்றை உச்சியில் குறைத்துவிட வேண்டும். ஆறு மடங்கு உயர்ந்த தூணுக்கு உச்சி விட்டம் ஆறில் ஐந்து. பத்து மடங்கு உயர்ந்ததற்குப் பத்தில் ஒன்பது. உயர்ந்த தூணுக்கு ஏன் குறைவு சிறிதாயிற்று? மிக உயரத்தில் உள்ளது கண்ணுக்குத் தானே சிறுத்துத் தோன்றும். அதனை உளியாலும் மிகுதியாகச் சிறுக்கச் செய்தல் வேண்டா. உரோமானிய ஆசிரியர் விட்ருவியசும் இக்கருத்தையே கொண்டவர். இரு நாட்டு விதிகளையும் இராமராசர் அருகருகே வைத்து ஒப்பிட்டார். ஒன்று மற்றொன்றிலிருந்து இரவல் பெற்றது என்று அவர் அவசரப்பட்டு முடிவு கூறவில்லை.

எட்டு யவை நெல் ஓர் அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம் என்னும் அளவைகளையும், மண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், சங்கு நட்டு அதன் நிழலால் திசை காணும் வழியையும், ஊர் அமைப்பின் வகைகளையும், ஒருநிலை முதல் பன்னிரு நிலைவரை உயரும் விமானங்களையும் அவர் விளக்கி எழுதினார். சொல்லால் மட்டும் விளங்காதவற்றுக்குப் படங்கள் வரைவித்தார். அரச ஆசியக் கழகம் அவரைத் தன் தொடர்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இந்துக்களின் கட்டடக் கலை பற்றிய அவரது நூல் 48 படங்களுடன் 1834-இல் இலண்டனில் வெளிவந்தது. அதனைக் கையில் ஏந்திப் பார்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. நூல் அச்சேறி முடியுமுன்னரே, ஐம்பது வயதும் நிரம்பாத நிலையில், அவர் காலமானார்.

அவர் முழுமையாகப் பெறாத மானசாரத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அலகாபாத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. கே. ஆசாரியா பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைக்குத் தனித்துறை தோன்றிற்று. அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அங்கு மாணவர்கள் உளி பிடிக்கவும் கற்கின்றனர். மயமதம் முதலிய நூல்களின் கணக்கையும் கற்கின்றனர்.