தோல்வியே காணாத தளபதியை உமர் தூக்கியது ஏன்? காலித் பின் வலீதின் கதை

கி.பி. 638 வாக்கில் சிரியாவில் நடந்த சம்பவம் இது. மக்கள் கூடியிருந்த இடத்தில், அரபுப் படையின் பிரபலமான தளபதி எல்லோர் முன்னாலும் நிறுத்தப்பட்டார். அவரது தலைப்பாகை கழற்றப்பட்டது. ஒருவருக்கு அவர் பரிசாகக் கொடுத்த 10,000 திர்ஹம் எங்கிருந்து வந்தது என்று விசாரணை நடந்தது. சொந்தப் பணம் என்று அவர் பதில் சொன்னார். ஆனாலும் பதவி போனது.

இத்தனைக்கும், ரோம் சாம்ராஜ்யத்தின் வாரிசான பைசாந்தியப் பேரரசை சிரியாவில் இருந்து விரட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தான் தலைமை தாங்கிய எந்தப் பெரிய போரிலும் தோற்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவர்தான் காலித் பின் வலீத். ஜெயித்துக்கொண்டே இருந்த ஒருவரை கலீஃபா உமர் ஏன் தூக்கினார்?

யார் இந்த காலித்?

மக்காவின் குறைஷி கோத்திரத்தில் செல்வாக்கான குலம் மக்ஸூம். போர் என்று வந்தால் குதிரைப்படையை நடத்தும் பொறுப்பு அந்தக் குலத்துக்குத்தான். அதில் பிறந்தவர் காலித். அவரது தந்தை வலீத், நபிகள் நாயகத்தைக் கடுமையாக எதிர்த்த மக்கா பிரமுகர்களில் ஒருவர். மகனும் ஆரம்பத்தில் அதே பக்கம்தான் நின்றார்.

625இல் மதீனாவுக்கு அருகே உஹது போர். குன்றின் மேல் நிறுத்தப்பட்டிருந்த முஸ்லிம் வில்லாளிகளில் பெரும்பாலானோர், போர் முடிந்துவிட்டது என நினைத்து இறங்கிவிட்டார்கள். அந்த இடைவெளியை முதலில் கவனித்தவர் மக்கா படையில் இருந்த காலித். குதிரைவீரர்களோடு சுற்றி வந்து பின்பக்கமாகத் தாக்கினார். கிட்டத்தட்ட முடிந்துபோன போரின் கதையே மாறிப்போச்சு. நபிகள் நாயகத்துக்கே காயம் ஏற்பட்டது.

எதிரி எப்படி தளபதி ஆனார்?

628இல் மக்காவுக்கும் மதீனாவுக்கும் ஹுதைபியா உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பிறகு, 629 வாக்கில் காலித் மதீனா சென்று இஸ்லாத்தை ஏற்றார். பழைய பகைக்காக அவரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

சில மாதங்களிலேயே, இன்றைய ஜோர்டானில் உள்ள மூத்தாவில் பைசாந்தியப் படையோடு மோதல். நியமிக்கப்பட்ட மூன்று தளபதிகளும் அடுத்தடுத்து பலியானார்கள். கொடி காலித் கைக்கு வந்தது. தன் கையில் அன்று ஒன்பது வாள்கள் உடைந்ததாக அவரே பின்னாளில் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் பதிவு உள்ளது. ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் படையை முழு அழிவில் இருந்து காப்பாற்றி அழைத்து வந்தார். அல்லாஹ்வின் வாள் என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது இதன் பிறகுதான்.

முதல் சர்ச்சை

வெற்றிகளோடு புகார்களும் கூடவே வந்தன. 630இல் மக்கா வெற்றிக்குப் பிறகு ஜதீமா கோத்திரத்தில் சரணடைந்த சிலரை அவர் கொன்றதாகப் புகார். அந்தச் செயலுக்குத் தான் பொறுப்பில்லை என்று நபிகள் நாயகம் வெளிப்படையாக அறிவித்து, கொல்லப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அனுப்பினார்.

632இல் நபிகள் நாயகம் மறைந்ததும் பல அரபுக் கோத்திரங்கள் மதீனாவின் ஆட்சியை விட்டு விலகின. முதல் கலீஃபா அபூபக்கர் அவற்றை அடக்க நம்பியது காலிதைத்தான். யமாமா போரில் முஸைலிமாவின் படை முறியடிக்கப்பட்டது. ஆனால் மாலிக் பின் நுவைரா என்ற கோத்திரத் தலைவர் காலிதின் பிடியில் இருந்தபோது கொல்லப்பட்டதும், அவரது மனைவியை காலித் மணந்ததும் மதீனாவில் பெரும் சர்ச்சையானது. இறந்தவர் முஸ்லிமாகவே இருந்தார் என்று சாட்சி சொன்னவர்களும் உண்டு.

காலிதை நீக்க வேண்டும் என்று அப்போதே வலியுறுத்தியவர் உமர். அபூபக்கர் மறுத்துவிட்டார். நெருக்கடி நேரத்தில் இப்படி ஒரு தளபதியை இழக்க அவர் தயாராக இல்லை.

இராக்கில் இருந்து சிரியாவுக்கு

633இல் காலித் இராக்குக்குள் நுழைந்தார். அப்போது அது பாரசீகத்தின் சாசானியப் பேரரசு வசம் இருந்தது. ஹீரா நகரம் வரி கட்ட ஒப்புக்கொண்டு சரணடைந்தது. அடுத்த ஆண்டே சிரியாவில் உள்ள படைக்கு உதவப் போகச் சொல்லி உத்தரவு.

குறுக்கே தண்ணீரே இல்லாத பாலைவனம். ஒட்டகங்களுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, வழியில் அவற்றை அறுத்து அந்தத் தண்ணீரைக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள் என்று பழைய அரபு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. யாரும் எதிர்பார்க்காத திசையில் இருந்து காலித் சிரியாவுக்குள் வந்து இறங்கினார்.

634இல் அபூபக்கர் மறைந்து உமர் கலீஃபா ஆனார். சிரியாவின் தலைமைப் பொறுப்பு காலிதிடம் இருந்து அபூ உபைதாவுக்கு மாறியது. இப்படி இறக்கப்படும் தளபதி படையோடு கலகம் செய்வது அந்தக் காலத்தில் புதிதல்ல. காலித் அப்படிச் செய்யவில்லை. அபூ உபைதாவுக்குக் கீழேயே தொடர்ந்து போரிட்டார். 636 ஆகஸ்டில் நடந்த யர்மூக் போரில் அவரது குதிரைப்படை முக்கியப் பங்கு வகித்தது. பேரரசர் ஹெராக்ளியஸ் சிரியாவைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

அப்போ தூக்கினது ஏன்?

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்ததுதான் அந்த 10,000 திர்ஹம் விவகாரம். போரில் கிடைத்த பொதுப்பணத்தில் இருந்து கொடுத்திருந்தால் அது மோசடி, சொந்தப் பணமாக இருந்தால் அது ஊதாரித்தனம், எப்படியானாலும் பதவி கிடையாது என்பது உமரின் முடிவு.

இது தனிப்பட்ட பகையா? உமரின் தாயும் அதே மக்ஸூம் குலம்தான், இருவரும் உறவினர்கள். கோபத்தாலோ துரோகத்துக்காகவோ நீக்கவில்லை, மக்கள் இவரால்தான் வெற்றி வருகிறது என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று உமர் மாகாணங்களுக்கு விளக்கம் அனுப்பியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

காலிதை மட்டும் குறிவைத்தார் என்றும் சொல்ல முடியாது. பாரசீகத்தை காதிஸிய்யா போரில் தோற்கடித்த சஅத் பின் அபீ வக்காஸையும், புகார் வந்ததும் கூஃபா ஆளுநர் பதவியில் இருந்து மாற்றினார். எகிப்தை வென்ற அம்ர் பின் ஆஸிடமே சொத்துக் கணக்கு கேட்டார். பதவியில் இருப்பவர் யாராக இருந்தாலும் கணக்கு காட்டியே ஆக வேண்டும்.

காலித் இல்லாமல் என்னாச்சு?

படையெடுப்பு நிற்கவில்லை. 642க்குள் அலெக்சாண்ட்ரியா அரபுகள் வசமானது. அதே ஆண்டு நஹாவந்த் போரில் சாசானியர்களின் கடைசிப் பெரிய படையும் உடைந்தது. இரண்டுமே வேறு தளபதிகளின் தலைமையில் நடந்தவை.

அதே 642இல் காலித் காலமானார். சிரியாவின் ஹோம்ஸில் இறந்ததாகவே பரவலாக நம்பப்படுகிறது. இத்தனை போர்களைப் பார்த்தும் படுக்கையில் சாகிறோமே என்று அவர் வருந்தியதாகச் சொல்வார்கள். அவர் விட்டுச் சென்றது ஒரு குதிரை, ஆயுதங்கள், ஓர் அடிமை மட்டும்தான் என்பது வரலாற்று நூல்களின் தகவல். ஒப்பாரியை விரும்பாத உமர், காலிதுக்காக மக்ஸூம் பெண்கள் அழுததைத் தடுக்கவில்லை.

ஹோம்ஸில் காலிதின் பெயரில் உள்ள பள்ளிவாசல் 2013இல் உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சில் சேதமடைந்தது. அவரது அடக்கத்தலம் இருப்பதும் அங்கேதான். பின்னர் பள்ளிவாசல் சீரமைக்கப்பட்டது. மதீனாவில் இருந்து வந்த ஒரே உத்தரவில் பதவியை விட்டு இறங்கிய அந்தத் தளபதியின் பெயரை, ஹோம்ஸ் இன்னும் தன் அடையாளமாகவே வைத்திருக்கிறது.