வேகாவை அளவுகோலாக்கிய ஜான்சன்

லேப்ல மல்டிமீட்டர் மேல சந்தேகம் வந்தா, மதிப்பு தெரிஞ்ச ரெசிஸ்டரை வெச்சுப் பார்ப்போம். டெலஸ்கோப்புக்கு எதை வெச்சுப் பார்க்கிறது? அகச்சிவப்பில் இதற்கு வழி போட்டவர் ஹரால்ட் ஜான்சன்.

1921இல் அமெரிக்காவின் டென்வரில் பிறந்தார். 1953இல் வில்லியம் மார்கனோடு சேர்ந்து யூ, பி, வி ஃபில்டர் முறையைக் கொண்டுவந்தார். அதோடு நின்றிருந்தாலே பெயர் நிலைத்திருக்கும்!

1960களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அகச்சிவப்பு பக்கம் திரும்பினார். அங்கே ஒரு தலைவலி. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பை விழுங்கிடும். அதுவும் தினம் ஒரே அளவில் இல்லை. அது விட்டுவைக்கும் ஜன்னல்களுக்கு ஜே (1.25 மைக்ரான்), கே (2.2 மைக்ரான்), எல், எம் என்று பெயர் வைத்தார். டிடெக்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. அதனால் அளவு தெரிந்த தர விண்மீனையும் அதே இரவில் பார்த்து, இரண்டையும் ஒப்பிடணும். வேகா (நம்ம அபிஜித்) போன்ற ஏ0 வகை விண்மீன்களுக்கு எல்லாப் பட்டையிலும் நிற வித்தியாசம் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டார்.

பிறகு மெக்சிகோ போனார். 1980இல் அங்கேயே காலமானார்.

மூணு வருஷம் கழித்து, ஐராஸ் செயற்கைக்கோள் காலிப்ரேஷனுக்காக வேகாவைப் பார்த்தது. 60 மைக்ரானில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வெளிச்சம்! கருவியில் கோளாறு இல்லை. வேகாவைச் சுற்றித்தான் தூசு வட்டு இருந்தது. ஜே, கே பட்டைகளில் இன்னிக்கும் வேகா கணக்குதான் ஓடுது.