வேரில் ஒட்டியிருந்த செவிலி

2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்த நாட்களில் செய்தி சேகரிக்கப் போன ஓரிடத்தில்தான் மைக்கோரைசா என்ற சொல்லை முதலில் கேட்டேன். பயிரின் வேரோடு ஒட்டி வாழ்ந்து, மண்ணிலுள்ள பொசுபரசை உறிஞ்சிக் கொடுக்கும் பங்கசு அது. தடை அந்த ஆண்டே நீங்கியது. சொல் மட்டும் மனதில் நின்றது. அதை உருவாக்கியவரைத் தேடத் தொடங்கினேன்.

அல்பேர்ட் பேர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1839 இல் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் பிறந்தவர். லைப்சிக்கில் கற்பித்து, 1881 இல் பேர்லின் விவசாயக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். தாவர நோய்கள் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அந்தத் துறையில் பங்கசு என்றால் பெரும்பாலும் எதிரிதான். ஆனால் லைக்கனில் பங்கசும் அல்காவும் சேர்ந்து வாழ்வதை அவர் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார்.

விலையுயர்ந்த ட்ரஃபிள் காளானைப் பிரஷ்யாவில் பயிரிட முடியுமா என்று பார்க்கும் பொறுப்பை அரசு அவரிடம் கொடுத்தது. ட்ரஃபிள் மரவேர்களின் அருகே வளர்வதால் அவர் வேர்களைத் தோண்டிப் பார்த்தார். ஓக், பீச் மரங்களின் நுனிவேர்களைப் பங்கசு இழைகள் உறைபோல மூடியிருந்தன. மரங்களோ நோயின்றிச் செழித்திருந்தன. 1885 இல் அந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா, அதாவது பங்கசுவேர், என்று பெயரிட்டார். பங்கசு மரத்துக்குச் செவிலித்தாய், நீரும் ஊட்டமும் அதன் வழியே வருகின்றன என்றார்.

பலர் நம்பவில்லை, அது வெறும் ஒட்டுண்ணி என்றார்கள். ஃபிராங்க் பைன் நாற்றுகளை இருவகை மண்ணில் வளர்த்தார். கிருமிநீக்கிய மண்ணில் நின்றவை பின்தங்கின. பங்கசு உள்ள மண்ணில் நின்றவை செழித்தன. சூடாக்கியதால் மண்ணே கெட்டிருக்கலாமே என்ற ஐயத்துக்கு அந்தப் பரிசோதனையில் முழுப் பதில் இல்லை. 1900 இல் அவர் இறந்தபோதும் வாதம் ஓயவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, கதிரியக்கப் பொசுபரசு பங்கசு வழியாகப் பைன் நாற்றுக்குள் போவதைச் சுவீடனின் எலியாஸ் மெலின் குழு காட்டியது.

ஆய்வு இன்று பங்கசின் பரம்பரையலகு வரை போயிருக்கிறது. மரவேர்களில் வாழும் செனோகொக்கம் என்ற கரிய பங்கசின் றைபோசோம் பரம்பரையலகுக்குள் இன்ட்ரோன் என்ற இடைச்செருகல் ஒன்று 1990களில் கண்டறியப்பட்டது. அந்த வகை இன்ட்ரோன்கள் பல, ஆர்.என்.ஏ. ஆனதும் புரதத்தின் உதவியின்றியே தம்மை வெட்டி நீக்கி, அறுந்த முனைகளை ஒட்டிவிடக் கூடியவை. பயனற்ற ஒட்டுண்ணியா, வேறு வேலை உண்டா என்று இதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஃபிராங்குக்குப் பழகிய கேள்விதான்.

அரசு கேட்ட ட்ரஃபிள் மட்டும் அவர் கையால் விளையவே இல்லை.